நலமாகத் தெரியும் காலம்

மெலிவு நோய் முற்றிய மானைப் பார்ப்பது கொடுமை. விலா எலும்புகள் தனித்தனியே தெரியும். காது தொங்கி, தலை தாழ்ந்து, வாயோரம் எச்சில் வடிய, கால்களை அகட்டிக்கொண்டு நிற்கும். ஆள் நெருங்கினாலும் ஓடாது. மானுக்குக் கொம்பைவிடப் பெரிய காவல் அதன் அச்சம். அதையும் இந்த நோய் அழித்துவிடுகிறது. அந்தக் கோலத்தைக் கண்டால் எவருக்கும் நெஞ்சு இளகும். ஆனால் அந்த இரக்கத்தால் மானுக்கு ஆகப்போவது எதுவுமில்லை. இந்த நோய்க்கு மருந்தில்லை, தடுப்பூசியில்லை. வந்தால் சாவு உறுதி. அதைவிட வேதனை, மெலிந்து நிற்கும் அந்த உடலிலிருந்து மற்ற மான்களுக்குத் தீங்கு பல மாதங்களாகவே போய்க்கொண்டிருந்தது என்பது.

நாள்பட்ட மெலிவு நோய் என்று இதற்குப் பெயர். உடலில் புகுந்த பிறகு ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் வரை வெளியே ஒன்றும் தெரியாது. மான் வழக்கம்போல மேயும், துள்ளும், இணை சேரும், குட்டி ஈனும். அறிகுறி தெரிவதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே அதன் எச்சில், சிறுநீர், புழுக்கை எல்லாவற்றிலும் நோய்க் காரணி வெளியேறிக்கொண்டிருக்கும். நம் கண்ணில் படுவது கடைசிக் கட்டம் மட்டுமே. நடக்க வேண்டியதெல்லாம் மான் நலமாகத் தெரிந்த காலத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

இந்தக் காரணி பாக்டீரியாவும் அல்ல, வைரஸும் அல்ல. 1982-இல் அமெரிக்க அறிவியலாளர் ஸ்டான்லி புரூசினர் பிரியான் என்று பெயரிட்ட ஒரு புரதம். அந்த ஆய்வுக்காக 1997-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூளையில் இயல்பாகவே இருக்கும் ஒரு புரதம் மடிப்பு பிறழ்ந்துபோகிறது. பிறழ்ந்தது, தன்னைச் சேரும் நல்ல புரதத்தையும் தன் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. ஒரு கரண்டி உறைமோர் ஒரு குடம் பாலைத் தயிராக்குவதுபோல இந்த மாற்றம் மூளை முழுதும் பரவுகிறது. உறைமோரிலாவது உயிர் உண்டு. பிரியானில் மரபணுவும் இல்லை, உயிரும் இல்லை. உயிரில்லாததைக் கொல்வது எப்படி? தன் சொந்தப் புரதம் என்பதால் உடலும் அதை அயலானாக எண்ணி எதிர்ப்பதில்லை.

1967-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஃபோர்ட் காலின்ஸ் நகருக்கருகே, வனவிலங்கு ஆய்வுக்காக அடைத்து வளர்த்த மியூல் மான்களிடம் இந்த மெலிவு முதலில் கவனத்துக்கு வந்தது. அது என்ன நோய் என்று தெளிவாகப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1970-களின் இறுதியில் எலிசபெத் வில்லியம்ஸ் என்ற இளம் கால்நடை மருத்துவ ஆய்வாளர், இறந்த மான்களின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது அதில் இத்தகைய மூளை நோய்களின் அடையாளமான நுண்துளைகள் நிறைந்திருந்தன. 1981-இல் கொலராடோவில் எல்க் என்னும் பெரிய மான் வகையைச் சேர்ந்த காட்டு விலங்கு ஒன்றிலும் நோய் உறுதியானது. இன்று அமெரிக்காவின் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களிலும் கனடாவிலும் அது இருக்கிறது.

மான்களை அடைத்து வளர்த்த அந்த ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வுக்கூடத்தைத் தூய்மைப்படுத்த 1980-களில் ஒரு முயற்சி நடந்தது. விலங்குகளை அகற்றினார்கள். மண்ணைப் புரட்டிப்போட்டுக் கிருமிநாசினி தெளித்தார்கள். கொஞ்ச காலம் வெறுமையாக விட்டுவைத்து, பிறகு எல்க் கன்றுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளில் அவற்றிலும் நோய் தோன்றியது. 2004-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதை இன்னும் தெளிவாக்கியது. நோயுற்ற மானின் உடல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன் மக்கிப்போன இடத்தில் மேய்ந்த நல்ல மான்களுக்கும் நோய் வந்தது. நிலத்தைப் பொறுமைக்கு உவமையாகச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். எதைப் போட்டாலும் மண் செரித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை நம் எலும்பில் ஊறியது. பிரியானை மண் செரிப்பதில்லை. களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு அது காத்திருக்கிறது. நிலத்தின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மனிதர் இவ்வளவு தாமதமாக உணர நேர்ந்தது.

மான்கள் தாமாகவும் நோயைப் பரப்பின. ஆனால் கடலைத் தாண்டியது மான் நடந்த நடையால் அல்ல. கொம்புக்காகவும் இறைச்சிக்காகவும் எல்க் பண்ணைகள் வந்தன. நலமாகத் தெரிந்த விலங்குகள் லாரியில் ஏறின, எல்லை தாண்டின. கனடாவிலிருந்து வாங்கிய எல்க்குகளோடு நோய் தென் கொரியாவுக்குப் போய்ச் சேர்ந்தது 2001-இல் தெரியவந்தது. ஏற்றியவர் நெஞ்சில் வஞ்சமில்லை. விலங்கின் உடம்பிலும் குறை தெரியவில்லை.

என்னை அதிகம் வாட்டுவது வயோமிங் மாநிலத்தின் நிலைமை. அங்கே ஜாக்சன் பள்ளத்தாக்கில் எல்க்குகள் குளிர்காலத்தில் இறங்கி மேயும் நிலங்களை மனிதக் குடியிருப்புகளும் வேலிகளும் எடுத்துக்கொண்டன. பனியில் அவை பட்டினியால் செத்ததைக் கண்டு இரங்கியவர்கள் தீவனம் போட்டார்கள். 1912-இல் தேசிய எல்க் புகலிடம் உருவானது. அந்த இரக்கம் உண்மையானது. அது பல உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் ஆயிரக்கணக்கான விலங்குகளை அது ஒரே திடலில், ஒரே தீவனத்தின் முன் கூட்டியது. நோய் தொலைவில் இருந்தபோதே, இந்தக் கூட்டம் ஆபத்து என்று வனவிலங்கு அறிவியலாளர்கள் எச்சரித்தார்கள். தீவனத்தை நிறுத்தினால் பசித்து நிற்கும் எல்க் எல்லார் கண்ணிலும் படும். நிறுத்தாவிட்டால் வரப்போகும் சாவு எவர் கண்ணுக்கும் தெரியாது. கண்ணில் பட்டதே வென்றது, தீவனம் தொடர்ந்தது. அண்மை ஆண்டுகளில் வயோமிங்கின் தீவனத் திடல்களில் இறந்த எல்க்குகளிடமும் நோய் உறுதியாகிவிட்டது.

இதற்கு எதிர்த்திசையில் நார்வே நடந்தது. 2016-இல் நூர்ட்ஃபியெல்லா மலைப்பகுதியில் ஒரு காட்டுத் துருவ மானிடம் நோய் தெரிந்தது. ஐரோப்பாவில் அதுவே முதல் முறை. ஏறத்தாழ ஈராண்டில் அந்தப் பகுதியின் மந்தை முழுவதையும், 2,000-க்கும் மேற்பட்ட மான்களை, அரசு சுட்டு அகற்றியது. சோதனையில் நோய் உறுதியானவை 19 மட்டுமே. மற்ற அத்தனையிலும் நோய் தென்படவில்லை. கேட்கும்போதே வயிறு கலங்குகிறது. அப்படியும் 2020-இல் அடுத்திருந்த ஹார்டாங்கர்விட்டா மந்தையில் நோய் தென்பட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 2002-இல் நோய் தெரிந்ததும் அங்கும் மான்களைக் குறைக்க முயன்றார்கள். வேட்டைக்காரர்களும் நிலவுடைமையாளர்களும் எதிர்த்தார்கள், முயற்சி தளர்ந்தது, நோய் வேரூன்றியது. முந்திக்கொண்டாலும் வெற்றி உறுதியில்லை. பிந்தினால் தோல்வி மட்டும் உறுதி. நார்வே சிந்திய இரத்தத்தை நான் கொண்டாடவில்லை. தடுக்கும் காலத்தை உலகம் தவறவிட்டதற்கான விலையை அந்த மான்கள் கொடுத்தன.

மனிதருக்கு இந்த நோய் தொற்றியதாக இன்றுவரை உறுதியான சான்று இல்லை. ஆனால் பிரிட்டனில் மாடுகளின் பிரியான் நோய் 1986-இல் அடையாளம் காணப்பட்டு, பத்தாண்டு கழித்து 1996-இல்தான் அது மனிதரையும் கொல்வது தெரியவந்தது. அந்தப் பத்தாண்டும் மனிதர் நலமாகத் தெரிந்த காலம். அதனால்தான் நோயுள்ள பகுதியில் வேட்டையாடிய மானை உண்ணும் முன் சோதித்துக்கொள்வது நல்லது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது.

கண்ணெதிரே துடிக்கும் உயிருக்கு இளகுவதற்கு எவருக்கும் பயிற்சி வேண்டாம். அந்த ஈரம் இல்லாவிட்டால் மனிதர் மனிதரே அல்ல. ஆனால் அது மட்டும் போதாது என்று இந்த மான்கள் சொல்கின்றன. துடிப்பு தெரிவதற்கு முன்னால், பாராட்ட ஆளில்லாத வேளையில், நடக்காமல் போன கேட்டுக்குச் சாட்சியும் இல்லாத நிலையில், இனிப் பிறக்கப்போகும் கன்றுக்காக இன்றைய வணிகத்தையும் வசதியையும் விட்டுக்கொடுப்பதுதான் கடினம். ஒரு லாரியை நிறுத்துவது, மான்கள் கூடி நக்கும் உப்புக் கட்டியை எடுத்துவிடுவது, எல்க் இறங்கிவரும் வழியை வேலியில்லாமல் திறந்துவைப்பது: இவற்றில் கண்ணீருக்கு இடமில்லை, படம் எடுக்கவும் ஒன்றுமில்லை. ஆனாலும் அன்பு தன் வேலையைச் செய்ய முடிவது இந்த வேளையில்தான். நாம் நேசிப்பது எதுவானாலும், அது நலமாகத் தெரியும் காலமே அதைக் காக்கும் காலம்.