வேண்டாம் என்று சொல்லும் வலிமை

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் ஒரு மாலை.

சீடர்: ஐயா, திறமையும் உழைப்பும் உள்ளவருக்கு வருமானம் கூடுகிறது; இல்லாதவருக்குக் குறைகிறது. ஏற்றத்தாழ்வை விளக்க இது போதாதா?

குரு: லால்குடி நன்செயில் ஒருத்தி நாற்று நடுகிறாள். மணப்பாறைப் புன்செயில் ஒருத்தி களை எடுக்கிறாள். யார் உழைப்பு குறைவு?

சீடர்: யாருடையதும் இல்லை. ஆனால் ஆற்றுப் பாசனத்தில் விளைச்சல் கூடுதல்.

குரு: அந்தக் கூடுதல் நட்டவளுக்கா போகிறது? நல்ல நிலத்துக்கும் கடைசித் தர நிலத்துக்கும் உள்ள விளைச்சல் வேறுபாடு நில உடைமையாளருக்கே வாரமாகச் சேரும் என்றார் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ, 1817-இல். அதற்கு அந்த உடைமையாளர் சேற்றில் இறங்க வேண்டியதில்லை.

சீடர்: அப்படியானால் மிராசுதார்கள் ஏன் நிலத்தை விற்றார்கள்? ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பலர் விற்றுவிட்டுச் சென்னைக்கும் டெல்லிக்கும் போனார்களே.

குரு: நல்ல கேள்வி. ஜப்பானிய வரலாற்றாசிரியர் ஹருகா யனகிசாவா லால்குடி வட்டத்து நிலப் பதிவேடுகளை ஆராய்ந்தார். அங்கே பிராமண மிராசுதார்களிடம் இருந்த நிலத்தின் பங்கு காலப்போக்கில் குறைந்தது. பிற சாதியாரிடமும், தலித்துகள் சிலரிடமும் நிலம் சேர்ந்தது. நன்செய் வாரத்தை விளைச்சலில் 40 விழுக்காடாக வரம்பிட்ட 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வெகுமுன்பே இது தொடங்கிவிட்டது.

சீடர்: காரணம்?

குரு: மேலிருந்தவருக்கு ஆங்கிலப் படிப்பும் அரசு உத்தியோகமும் கிடைத்தன. சொத்தைப் போலவே தகுதிச் சான்றும் சந்தையில் ஒருவரின் இடத்தைத் தீர்மானிக்கும் என்பது சமூகவியலாளர் மாக்ஸ் வெபரின் கருத்து. கீழிருந்த பண்ணையாளுக்கு இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பல் இருந்தது.

சீடர்: அந்த நாடுகளின் தோட்டங்களில் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? அங்கே கங்காணியும் கடனும் காத்திருந்தன.

குரு: மறுக்கவில்லை. உழைப்புச் சக்தியைத் தவிர விற்க எதுவுமில்லாதவரின் நிலை அது என்று மார்க்ஸ் சொல்லியிருப்பார். ஆனாலும் ஆள் கிளம்பிப் போகலாம் என்றானபின், ஊரில் தங்கியவரைப் பழையபடி அதட்டி வேலை வாங்க முடியவில்லை.

சீடர்: அப்படியானால் ஒருவரின் கூலியைப் பார்த்ததும் நான் கேட்க வேண்டியது, ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு அவரால் எத்தனை நாள் சாப்பிட முடியும் என்பதா?

குரு: அதுதான். கூலித் தகராறில் முதலாளி ஓராண்டுகூடத் தாக்குப்பிடிப்பார், தொழிலாளர் பலரால் ஒரு வாரம்கூட முடியாது என்று ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதினார். அந்த இடைவெளியைக் கணக்கில் கழித்துவிட்டு, மிஞ்சுவதைத் திறமை என்று சொல்.