உதவின்னு சொல்லாதீங்க

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கறுப்பு மாணவர்களுக்குத் துணை நிற்பது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு வார்த்தை முன்னால் வந்து நிற்கிறது: கைதூக்கிவிடுவது. தூக்கிவிடுகிறவன் மேலே இருக்கிறான், இவன் கீழே கிடக்கிறான். கீழே தள்ளினது யாருங்கிற கேள்வி அந்த வார்த்தைக்குள்ளேயே செத்துப்போகுது.

1956 பிப்ரவரியில் ஆதரீன் லூசி அலபாமா பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தார். அங்கே படிக்கப் போன முதல் கறுப்பு மாணவர். வகுப்புக்கு வரலாம், விடுதியில் தங்கக்கூடாது, சாப்பாட்டுக்கூடத்தில் உட்காரக்கூடாது. மூணாவது நாள் வெள்ளைக் கும்பல் அவரைச் சூழ்ந்து தாக்கியது. நிர்வாகம் என்ன செய்தது? அவரோட பாதுகாப்புக்காகன்னு சொல்லி, அவரையே வெளியே நிறுத்தியது. கும்பலோடு நிர்வாகமும் கூட்டு என்று அவர் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னதும் ஒரேயடியாக நீக்கியது. அந்த நீக்கத்தை ரத்துசெய்ய 1988 வரைக்கும் ஆச்சு. 1992இல்தான் அங்கே பட்டம் வாங்கினார். இந்த 36 வருஷத்தை எந்த உதவித்தொகையில் கழிக்கிறது?

சரி, உள்ளே விட்டாச்சு. அப்புறம்? 1970களில் பெர்க்லியில் கணிதம் சொல்லிக்கொடுத்த யூரி ட்ரைஸ்மன், கால்குலஸில் கறுப்பு மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று சக ஆசிரியர்களைக் கேட்டார். ஊக்கமில்லை, அடிப்படை போதாது, வீட்டில் ஆதரவில்லை என்றார்கள். நமக்கும் கேட்டுக் கேட்டுப் புளித்த பதில்தான். அவர் 20 கறுப்பு மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் கூடவே இருந்து கவனித்தார். அந்தப் பதில்கள் நிற்கவில்லை. சீன மாணவர்கள் கூடி உட்கார்ந்து ஒருத்தர் கணக்கை ஒருத்தர் சரிபார்த்தார்கள். கறுப்பு மாணவர்கள் பெரும்பாலும் தனியாகவே மல்லுக்கட்டினார்கள். ட்ரைஸ்மன் 'பின்தங்கியவர்' வகுப்பு வைக்கவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூடிப் போடவைத்தார். சேர்ந்த கறுப்பு மாணவர்கள் சேராதவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். குறை மாணவனிடம் என்று முடிவுகட்டின ஆசிரியர்கள் அவன் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவே இல்லை.

அப்போ பணம், இடம் இதெல்லாம் வேண்டாமா? வேணும். கருணையாக இல்லை, பாக்கியாக வேணும். தன் தலைவர்களும் ஆசிரியர்களும் ஊழியர்களும் 70 பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்ததை ஹார்வர்டு 2022இல் ஒப்புக்கொண்டு, பரிகாரமாக 10 கோடி டாலர் ஒதுக்கியது. அடுத்த வருஷமே, ஹார்வர்டிலும் வட கரோலினாவிலும் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுத்தது செல்லாது என்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பன் அங்கே படிச்சாங்கிறதுக்காக மகனுக்குக் கிடைக்கிற சலுகையை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. இவங்க தகுதின்னு எதைச் சொல்றாங்க?

'நான் யாரையும் அடிமையா வைக்கலையே' என்று இன்றைய வெள்ளை மாணவன் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கடன் அவன் தலையில் இல்லை, நிறுவனத்தின் தலையில். பழைய பேரையும் நிலத்தையும் சொத்தையும் விடாமல் வைத்திருக்கிற நிறுவனம் கடனை மட்டும் எப்படிக் கைகழுவ முடியும்?

1972இல் பம்பாயில் நம்ம ஆட்கள் சிறுத்தைகள் என்ற பேரைக் கறுப்பர்களிடமிருந்துதான் எடுத்தார்கள். அந்த உறவில் சொல்கிறேன். உதவி வாங்குகிறவன் நன்றி சொல்லணும், தலை குனியணும். பாக்கி வாங்க வந்தவனுக்கு அந்த அவசியம் இல்லை. கறுப்பு மாணவன் அந்த வாசலில் நிமிர்ந்தே நிற்கட்டும்.