பிரித்துப் பார்ப்பவர்கள்

‘இதனால என்ன பிரயோஜனம்?’ என்று கேட்பவர்கள் யாரும் என்னைப் புண்படுத்தக் கேட்பதில்லை. பக்கத்து வீட்டு அக்கா கேட்டிருக்கிறார். அலுவலகத்தில் எதிர் மேசைக்காரர் கேட்டிருக்கிறார். கிரிவலப் பாதையில் டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவர்கூடக் கேட்டிருக்கிறார். நடுவயதுப் பெண் ஒருத்தி சதுரத் தாளை எடுத்துக் குறுக்கே மடித்து, நகத்தால் நீவி, பிரித்து, மறுபடி வேறு பக்கம் மடிப்பதைப் பார்த்தால் அந்தக் கேள்வி யாருக்கும் வாயில் வந்துவிடுகிறது.

திருவண்ணாமலை காரணத்தோடு வருகிறவர்களின் ஊர். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு மலையைச் சுற்றுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டுதான் நடக்கிறார்கள்: மகளுக்கு வரன், மகனுக்கு வேலை, தீராத கடன், தங்காத கரு. இப்படிப்பட்ட ஊரில் வேண்டுதலும் இல்லாமல் வருமானமும் இல்லாமல் ஒரு கை ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தால் பார்ப்பவர்களுக்கு உறுத்தத்தான் செய்யும். இதே ஊரில்தான் ரமணர் தையல் இலை தைத்தார், கொட்டாங்கச்சியைத் தேய்த்துக் கிண்ணமாக்கினார், கைத்தடிகளை வழவழப்பாக்கினார், பிரிந்துபோன புத்தகங்களைக் கட்டினார் என்பதையும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் செய்த ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குப் பயன்பட்டது. என் காகிதக் கொக்கு அப்படியில்லை.

மார்கழியில் எங்கள் தெருவில் விடியும் முன்பே எழுந்து புள்ளிக் கோலம் போடுகிறோம். ஒன்பது மணிக்குள் சைக்கிளும் ஆட்டோவும் அதை அழித்துவிடும். ‘இதனால என்ன பிரயோஜனம்’ என்று கோலத்தை ஒருவரும் கேட்பதில்லை. ஒருமுறை இதை என் மாமியாரிடம் சொன்னேன். “கோலம் வாசலுக்கு லட்சணம்மா. இது யாருக்கு?” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கோலத்துக்கு வாசல் இருக்கிறது, பூச்சரத்துக்குச் சாமி இருக்கிறது, குருத்தோலைத் தோரணத்துக்குத் திருவிழா இருக்கிறது. தென்னங்குருத்தை மடித்துக் கிளி செய்கிறவருக்கும் காகிதத்தை மடித்துக் கொக்கு செய்கிற எனக்கும் கைவேலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. அந்தக் கிளி தொங்குவதற்குப் பந்தல் இருக்கிறது. என் கொக்குக்கு இல்லை, அவ்வளவுதான்.

கேலியைவிட என்னைச் சங்கடப்படுத்துவது பாராட்டு. “அண்ணி, கொலு சமயத்துல இதை வித்தா நல்லா போகும். ஒண்ணு எவ்ளோன்னு வைக்கலாம்?” என்று என் கொழுந்தனார் உண்மையான அக்கறையோடு கேட்டார். என் கைக்கு மதிப்பு உண்டு என்று சொல்ல அவருக்குத் தெரிந்த மொழி அதுதான். ஆனால் அந்த நிமிஷமே கையிலிருந்த தாள் சரக்காகிவிட்டது. ஒன்றுக்கு எத்தனை நேரம், எத்தனை ரூபாய் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. அதை நிறுத்துவதற்குள் பாதி மடிப்பு கோணலாகிவிட்டது.

அப்போதெல்லாம் அகிரா யோஷிசாவாவை நினைப்பேன். 1911இல் ஜப்பானில் பிறந்தவர். தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது இளம் தொழிலாளிகளுக்கு வடிவியலைக் காகிதம் மடித்தே சொல்லிக்கொடுத்தார். பிறகு மடிப்புக்காகவே அந்த வேலையை விட்டார். பல வருஷம் வறுமை. சோயா சாற்றில் வேகவைத்த தொடுகறியை வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றுப் பிழைத்தார். 1950களின் தொடக்கத்தில் ஒரு பத்திரிகை ராசி விலங்குகள் பன்னிரண்டையும் காகிதத்தில் செய்து தரக் கேட்ட பிறகுதான் நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. 1954இல் முதல் முக்கியமான நூல் வந்தது. 1983இல் அரசு உதய சூரிய விருது கொடுத்தது. அவர் தொடுகறியை விற்றார், காகித உருவங்களை விற்கவில்லை. கேட்டவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார், கண்காட்சிக்கு இரவல் கொடுத்தார். வயிற்றுக்கு ஒரு வேலை, கைக்கு ஒரு வேலை என்று இரண்டையும் பிரித்து வைக்க அவருக்குத் தெரிந்திருக்கிறது. சம்பளம் வருகிற எனக்கு அது இன்னும் சுலபமாக இருக்க வேண்டும்.

இன்னொரு விதமான வரவேற்பும் உண்டு. அது எங்கள் ஊருக்கே உரியது என்று நினைக்கிறேன். “ஆயிரம் கொக்கு செஞ்சா நினைச்சது நடக்குமாமே?” என்று பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். மகளுக்கு வரன் தள்ளிப்போகிறது. ஆயிரம் செய்து கொடுத்தால் கூலி தருவதாகச் சொன்னார். நான் மறுத்தேன். அவருக்கு வருத்தம்தான். சடாகோ சசாகியின் கதை எங்கெங்கோ சுற்றி அவர் காதுக்கு அப்படி வந்திருக்கிறது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அந்தக் குழந்தைக்கு இரண்டு வயது. பத்து வருஷம் கழித்து ரத்தப் புற்றுநோய் வந்து மருத்துவமனையில் படுத்தபடி கொக்கு மடித்தாள். 1955 அக்டோபரில், 12 வயதில், இறந்துபோனாள். அவள் கேட்டது கிடைக்கவில்லை. அவளோடு படித்த பிள்ளைகள் பணம் திரட்டி 1958இல் அவளுக்கும் குண்டில் செத்த குழந்தைகளுக்கும் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். கொக்கைப் பரிகாரமாக்கினால் அந்தச் சிறுமி பட்டது மறைந்துவிடும் என்று எனக்குப் படுகிறது. அந்த அம்மாவை உட்காரவைத்து இதைச் சொன்னேன். கண் கலங்கினார். கூலி பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

‘எனக்கெல்லாம் இது வராதுப்பா’ என்று இரண்டு கையையும் பின்னால் இழுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். சப்பாத்திக் கட்டையை அப்போதுதான் கீழே வைத்துவிட்டு வந்தவர், புடவைக் கொசுவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிசகாமல் மடிப்பவர், வெற்றிலையைக் காம்பு கிள்ளி ஒரே வீச்சில் மடித்து வாயில் அடக்குபவர் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். அவர்களுக்கு வரும். கொக்கு மடிக்கையில் ஒரு கட்டம் உண்டு: மேலடுக்கின் நுனியைப் பிடித்து மேலே தூக்கினால், முன்பே போட்டுவைத்த மடிப்புத் தடங்களின் வழியே இரண்டு பக்கமும் தாமாக உள்ளே சாய்ந்து, சதுரம் நீண்ட வைர வடிவத்துக்கு வந்து படியும். கொசுவம் மடித்துப் பழகிய கைக்கு அது ஒன்றும் புதிதில்லை.

காகித மடிப்புக்கு மரியாதை வாங்கித் தரும் ஒரு பதில் என்னிடம் உண்டு. 1995இல் ஜப்பான் அனுப்பிய விண்கலத்தின் சூரியத் தகடு, மியூரா என்ற பொறியாளர் கண்டுபிடித்த மடிப்பில் சுருங்கிப் போய் விண்வெளியில் விரிந்தது என்று சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்வார். அதைச் சொல்வதை இப்போது குறைத்துக்கொண்டேன். பிரயோஜனத்தைக் கேட்டவருக்குப் பிரயோஜனத்தையே பதிலாகக் கொடுப்பதில் எனக்குத் திருப்தி இல்லை. மரியாதை விண்கலத்துக்குப் போகிறது. கையில் இருக்கும் தாளை அவர் இன்னும் பார்க்கவில்லை.

பார்த்த ஒருவர் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். சென்னையில் 1893இல் அடிசன் கம்பெனி ஒரு சிறு புத்தகத்தை வெளியிட்டது. எழுதியவர் டி. சுந்தர ராவ். ஐங்கோணம், அறுகோணம், தொடர் வரிசைகள், வளைகோடுகள் எல்லாவற்றையும் வெறும் காகித மடிப்பால் காட்டும் வடிவியல் புத்தகம். பாலர் பள்ளிகளில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மடிப்புத்தாள் விளையாட்டிலிருந்துதான் அந்த யோசனை பிறந்தது என்று முன்னுரையிலேயே சொல்கிறார். ஜெர்மனியின் பெரிய கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதைத் தன் நூலில் குறிப்பிட்டார். 1901இல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. இன்றும் அச்சில் இருக்கிறது. குழந்தைகள் மடித்துவிட்டுத் தூக்கி எறிந்த தாளைப் பிரித்து, அதில் விழுந்திருந்த கோடுகளை உற்றுப் பார்த்த மனிதர் அவர். தமிழ்நாட்டில் கணக்குப் பாடம் எடுக்கும் ஒவ்வொருவரும் அவர் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அப்படிப் பிரித்துப் பார்த்த இன்னொருவரைத் தேரடி வீதியில் சந்தித்தேன். விபூதியும் குங்குமமும் பொட்டலம் கட்டி விற்கிற பெரியவர். சில்லறைக்காகக் காத்திருந்தபோது என் கையிலிருந்த கொக்கை வாங்கினார். அழகாக இருக்கிறது என்று சொல்லவில்லை. விலை கேட்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இறக்கையைப் பிடித்துப் பிரிக்க ஆரம்பித்தார். கழுத்து போயிற்று, வால் போயிற்று, கடைசியில் கோடுகள் விழுந்த சதுரம் மட்டும் அவர் மடியில் கிடந்தது. கோடுகளின் மேல் விரலை ஓட்டினார். “வெட்டே இல்லியே” என்றார். பிறகு வந்த வழியே திரும்பி மடிக்கப் பார்த்தார். கழுத்துவரை வந்தது, அங்கே நின்றுவிட்டது. நான் காட்டினேன்.

பதிலுக்கு அவர் தன் மடிப்பைக் காட்டினார். கிழித்த நாட்காட்டித் தாள். நடுவில் ஒரு சிட்டிகை விபூதி. நீளவாக்கில் இரண்டு மடி, ஒரு முனையை மடக்கி இன்னொரு முனையின் வாய்க்குள் செருகி ஒரு தட்டு. நூல் இல்லை, பசை இல்லை. நான் செய்தபோது முனை பிதுங்கிப் பொடி கொட்டியது. “அடியில சாமான் கம்மியா வைம்மா. காயிதத்துக்கு மடங்க எடம் வேணும்” என்றார். என் கொக்கைப் பற்றி யாரும் என்னிடம் விவரமாகப் பேசியதில்லை, அவரும் பேசவில்லை; ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வேலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

விடுமுறை நாட்களில் தெருப் பிள்ளைகள் கொக்கு கேட்டு வருகிறார்கள். இப்போதெல்லாம் முதலில் அந்தப் பொட்டலத்தைத்தான் சொல்லித்தருகிறேன். கொஞ்சம் முகம் சுளிக்கிறார்கள். உள்ளே பொட்டுக்கடலையும் சர்க்கரையும் வைத்து மடித்துத் தலைகீழாக ஆட்டிப் பார்க்கிறார்கள். ஒன்றும் சிந்தவில்லை என்றதும், கடலையைத் தின்ன மறந்து, எப்படி நிற்கிறது என்று பார்க்க மறுபடி பிரிக்கிறார்கள்.