கல்லறைக்குப் பெயரிட்டவர் யார்?

ஆண்டியும் அரசனும் இறுதியில் ஒருபிடி சாம்பரே என்பது நம்மவர் நாவிற் பழகிய வாக்கு. சாவின்முன் யாவரும் சமம் என்ற ஆறுதல் அதில் உண்டு. ஆனால் இடுகாடுகள் அவ்வாக்கை ஒப்புக்கொள்கின்றனவா? யாரை எங்கே புதைப்பது, அவ்விடத்தை எப்பெயரால் அழைப்பது என்பவற்றை முடிவு செய்வோர் இறந்தவரல்லர்; உயிரோடிருப்போரே. ஆதலால் ஓர் இடுகாட்டின் அமைவும் பெயரும் சாவைப் பற்றிக் கூறுவதிலும் பார்க்கச் சமுதாயத்தைப் பற்றியே மிகுதியாகக் கூறுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க மேற்குப்புறம் இதற்குத் தக்கதோர் உதாரணமாகும். அங்கே ஊர்கள் ஓரிரு ஆண்டுகளில் முளைத்தன. இடுகாடுகளும் உடன் முளைத்தன. நீண்ட மரபின் திரை அவற்றை மூடாமையால், அவற்றின் காரணங்கள் வெளிப்படையாகவே கிடக்கின்றன.

முதலில் இடத்தை நோக்குவோம். கிழக்குக் கரையிலே தேவாலய முற்றத்திற் புதைப்பது பழைய வழக்கம். நகரங்கள் நெருக்கமுற்றபோது, 1831 இல் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில் மவுண்ற் ஓபேர்ன் இடுகாடு ஊர்ப்புறத்தே ஒரு சோலையாக அமைக்கப்பட்டது. பின்னெழுந்த பல நகரங்கள் அதனை முன்மாதிரியாகக் கொண்டன. மேற்கே சென்றோருக்கோ தேவாலய முற்றமும் இல்லை. சோலை வளர்க்க அவகாசமும் இல்லை. 1849 ஆம் ஆண்டிலும் அதையடுத்தும் ஒறிகன் நெடும்பாதையில் வாந்திபேதி பரவியது. அப்பொழுது மாண்டோரைப் பாதையின் நடுவிலேயே புதைத்து, அதன்மேல் வண்டிகளை ஓட்டிச் சென்றோர் உண்டு. விலங்குகள் தோண்டாதிருக்க வேண்டுமாயின் குழியின் அடையாளத்தையே அழிக்க வேண்டியிருந்தது. ஊர்கள் நிலைபெற்றபின் மேட்டுநிலம் தேடப்பட்டது. பள்ளத்தில் வெள்ளம் வரும்; கிணற்று நீர் கெடும்; ஆற்றோர நிலமோ பயிருக்கும் வீட்டுக்கும் வேண்டும். உயிருள்ளோருக்கு உதவாத வறண்ட குன்று இறந்தோருக்காயிற்று. இதிற் குறைகூற ஒன்றுமில்லை. இது தேவையின் நியாயம்.

எனினும், ஒரே ஊரில் இருவகை மனிதருக்கு இருவேறு இடம் வகுக்கப்படும்போது தேவையின் நியாயம் முடிந்து வேறொரு நியாயம் தொடங்கிவிடுகிறது. கன்சாஸ் மாநிலத்து டொட்ஜ் சிற்றி 1872 இல் புகையிரதப் பாதையோடும் எருமைத்தோல் வாணிபத்தோடும் தோன்றிய ஊர். பணமோ சுற்றமோ உள்ளவர் இறந்தால், உடல் அருகிருந்த இராணுவக் கோட்டையின் இடுகாட்டுக்குச் செல்லும். கையிற் காசற்ற அந்நியனோ ஊரையடுத்த குன்றிற் புதைக்கப்படுவான். அக்குன்றுக்குச் ‘சப்பாத்துக் குன்று’ என்று பெயர். அதே கன்சாஸில் 1867 இல் தோன்றிய ஹேய்ஸ் நகரிலும் இப்பெயருடைய இடுகாடு இருந்தது. கட்டிலிற் கிடந்து நோயால் இறவாமல், காலிற் சப்பாத்தோடே அடிபட்டும் சுடுபட்டும் இறந்தவரின் குன்று என்பது பொருள். 1878 ஆம் ஆண்டளவில் இக்குன்றிற் புதைப்பது நின்றது. அடுத்த ஆண்டிலே எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டு வேறிடம் சென்றன. குன்றிற் பள்ளிக்கூடம் எழுந்தது. ஊர் வளர நிலத்துக்கு மதிப்பு வந்தது. மதிப்பு வந்ததும் ஏழைப் பிணத்துக்கு இடமில்லாது போயிற்று.

இப்பெயரில் ஒரு தீர்ப்பும் அடங்கியிருத்தல் மனங்கொள்ளத்தக்கது. ‘வாழ்ந்தவாறே மாண்டார்’ என்கிறது அது. அரிசோனாவின் டூம்ஸ்டோன் வெள்ளிச் சுரங்க ஊர். அதன் பழைய இடுகாட்டில், 1881 ஒக்ரோபர் 26 ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சண்டையில் மாண்ட மூவர் கிடப்பதை உலகறியும். அவர்களருகே நோயாலும் சுரங்க விபத்தாலும் இறந்தோரும் கிடப்பதை அறிபவர் சிலரே. 1884 இல் ஊருக்குப் புது இடுகாடு வந்தபின் பழையது கேட்பாரற்றுக் கிடந்தது. பின்னாளில் உல்லாசப் பயணிகள் வரத்தொடங்கவே சப்பாத்துக் குன்று என்னும் பெயர் அங்கும் விலைபோயிற்று. சுரங்கத்தில் நசுங்கிய தொழிலாளியின் சாவு, வீர சாகசக் கதையின் ஒரு வரியாக மாற்றப்பட்டது. கூலியும் நோயும் பாதுகாப்பின்மையும் மறைந்தன. துப்பாக்கி மட்டும் எஞ்சியது.

இழிந்த பெயர் மறைப்பதுபோல உயர்ந்த பெயரும் மறைக்கும். தென் டக்கோட்டாவின் டெட்வூட் நகரில் 1878 அளவில் மலைமேல் அமைந்த இடுகாட்டுக்கு மோரியா மலை என்று பெயரிட்டனர். விவிலியத்தில் ஆபிரகாம் தன் மகனைப் பலியிடச் சென்ற இடம் மோரியா. புனிதமான பெயர்தான், ஆனால் அந்நிலம் யாருடையது? 1868 ஆம் ஆண்டு லாரமிக் கோட்டை உடன்படிக்கையின்படி அக்கருமலைப் பிரதேசம் லக்கோட்டா மக்களுடையது. 1874 இல் அங்கே பொன் காணப்பட்டது. 1877 இல் நிலம் பறிக்கப்பட்டது. உரிய ஈடின்றி அது பறிக்கப்பட்டதென 1980 இல் அமெரிக்க உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. லக்கோட்டா மக்கள் பணத்தை ஏற்க மறுத்து நிலத்தையே கேட்டனர். பறித்த நிலத்துக்கு வேதத்திலிருந்து பெயர் எடுத்துச் சூட்டினால், பறித்தவனுக்கு அது வாக்களிக்கப்பட்ட நாடாகத் தோன்றும். அவ்விடுகாட்டினுள்ளும் சீனருக்குத் தனிப்பகுதி ஒதுக்கப்பட்டது. அங்கே புதைக்கப்பட்ட சீனர் பலரின் எலும்புகள் பின்னர் தோண்டியெடுக்கப்பட்டுத் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டன. மூதாதையர் மண்ணிற் சேரவேண்டும் என்பது அவர்தம் மரபு; அவர்களை என்றும் அந்நியராகவே கருதிய நாடு அம்மரபுக்கு மாற்றுக் காரணம் எதனையும் தரவுமில்லை.

இனி, இடமும் பெயரும் ஒருங்கே குற்றஞ்சாட்டும் ஒரு களத்தைக் காண்போம். 1890 டிசம்பர் 29 ஆம் நாள், வூண்டட் நீ என்னுமிடத்திற் பெண்களும் குழந்தைகளும் உட்பட இருநூறுக்கும் மேற்பட்ட லக்கோட்டா மக்களை அமெரிக்கப் படை கொன்றது. சில நாட்களின்பின் 146 உடல்கள் ஒரே குழியில் இடப்பட்டன. எந்தக் குன்றிலிருந்து பீரங்கிகள் அவர்களைச் சுட்டனவோ அதே குன்றிலேதான் அக்குழி வெட்டப்பட்டது. அரசு அதனைப் ‘போர்’ என்றது. படையினர் பலருக்கு நாட்டின் மிகவுயர்ந்த வீரப் பதக்கம் வழங்கியது. 1903 இல் இறந்தோரின் உறவினர் தாமே அங்கு நினைவுக்கல் நாட்டினர். லிற்றில் பிக்ஹோர்னில் நிகழ்ந்ததும் இதனோடு ஒப்புநோக்கற்பாலது. 1876 இல் அங்கு மாண்ட படையினர் ஒவ்வொருவருக்கும் 1890 இல் வெண்சலவைக்கல் நாட்டப்பட்டது; போர்க்களமோ தோற்ற தளபதி கஸ்ரரின் பெயரையே தாங்கி நின்றது. அப்பெயர் 1991 இல் நீக்கப்பட்டது. அங்கே வீழ்ந்த பூர்வகுடி வீரருக்கு 1999 முதல் செந்நிறக் கற்கள் நாட்டப்பட்டன. இம்மாற்றத்துக்காக நெடுங்காலம் குரலெழுப்பியோர் பூர்வகுடி மக்களே.

இறந்தவர் தம் கல்லறையின் பெயரை அறியார். ஆகவே இதிலென்ன அறப்பிரச்சினை என்று வினவலாம். இறந்தவருக்கு நாம் எந்தச் சுகத்தையும் தரமுடியாது என்பது மெய்யே. ஆனால் பொய்ப்பெயரின் பயனை அனுபவிப்போர் உயிரோடிருக்கின்றனர். அதன் சுமையைத் தாங்குவோரும் உயிரோடிருக்கின்றனர். கொலையைப் போர் என்றழைத்தால் கொன்றவனின் வாரிசு நிலத்தைக் கூச்சமின்றி ஆளலாம். வறுமையால் வந்த சாவைச் சாகசம் என்றழைத்தால் சுரங்க முதலாளி கணக்குக் காட்ட வேண்டியதில்லை. எனவே ஒரு கல்லறைக்கு மெய்யான பெயரைக் கோருவது இறந்தவர்மீது காட்டும் இரக்கத்தோடு முடிவதன்று. உயிரோடிருப்போருக்கிடையே தீர்க்கப்படவேண்டிய நீதியின் வழக்கு அது. மாணவர் ஒரு நாட்டின் வரலாற்றைப் படிக்கும்போது அதன் மாளிகைகளோடு இடுகாடுகளையும் படித்தல் வேண்டும். மேட்டிற் கிடப்பவர் யார், வேலிக்கு வெளியே கிடப்பவர் யார், பெயரிட்டவர் யார் என்று கேட்டறிந்த பின்னரே, சாவின்முன் யாவரும் சமம் என்று கூற நமக்கு உரிமை உண்டு.