இல்லாததை விற்றல்

தன்னிடம் இல்லாத பங்கை இன்றைய விலைக்கு விற்றுவிட்டு, விலை சரிந்தபின் வாங்கிக் கணக்கை நேர்செய்வதற்குப் பங்குச் சந்தையில் 'ஷார்ட்' என்று பெயர். மந்த காலத்தில் சூதாட்ட விடுதிக் கம்பெனிகளின் பங்குகளை இப்படி விற்பது தார்மீகமானதும்கூட என்கிறார் என் நண்பர் (ஒரு கவிதைத் தொகுதி போட்டவர்). சூதுக்கு எதிராகத்தானே பந்தயம் கட்டுகிறேன் என்பது அவர் வாதம். இந்த 'எதிராக' என்னை உறுத்துகிறது. அவர் ஆடும் இடம் எது? ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் மூன்று ஆண்டுகளில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக 2024ல் செபியே சொல்லியிருக்கிறது.

லாபம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. லாஸ் வேகாஸ் சாண்ட்ஸ் பங்கு 2007ல் 140 டாலரைத் தாண்டியது. 2009 மார்ச்சில் 2 டாலருக்கும் கீழே வந்தது. நம் ஊர் உதாரணம் அவ்வளவு ஒழுங்கானதல்ல. கோவாவில் சூதாட்டக் கப்பல்கள் நடத்தும் டெல்டா கார்ப்பின் பங்கு 2023 ஜூலையில் ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. காரணம் மந்தமல்ல, 28 சதவீத ஜி.எஸ்.டி. மந்தத்தை நம்பி விற்றிருந்தவனும் அன்று ஜெயித்தான். அதை அறிவு என்பதா, தாயக்கட்டை என்பதா?

பாரதி புதுவையில் வாழ்ந்தபோது, 1912ல், பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் வெளிவந்தது. இரண்டாம் பாகம் அவர் இறந்தபிறகுதான் அச்சேறியது. அதில்தான் அந்தக் கேள்வி வருகிறது: தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை? தேச உருவகமாகவே வாசித்துப் பழகிய நாம், இக்கேள்வியின் சட்டக் கூர்மையைக் கவனிப்பதில்லை. தனதல்லாததை வைத்து ஆடுவதைப் பற்றியது அது. ஷார்ட் விற்பவனிடமும் இதைக் கேட்கலாம் போலிருக்கும். ஆனால் அவன் பங்கைத் திருப்பித் தந்தாக வேண்டியவன். விலை ஏறினால் அவன் நஷ்டத்துக்கு வரம்பே கிடையாது. பங்கு விஷயத்தில் அவன்மேல் எனக்குப் புகார் இல்லை. அவன் வைத்து ஆடுகிற, தனதல்லாத பொருள் வேறு: பிறருடைய சம்பளம்.

மந்தத்தில் சூதாடி திருந்துவதில்லை. கையில் காசில்லாமல் போகிறான், அவ்வளவுதான். இங்கே ரோடியர் மில் 2020ல் மூடப்பட்டது. வங்கிக் கவுண்ட்டரில் மந்தம் எனக்கு நகையாகத்தான் வந்து சேர்கிறது. தோடு, வளையல், கடைசியில் தாலிக்கொடி. அட்டிகையை எடைபோடும்போது சூது குறைந்துவிட்டதே என்று யாரும் மகிழ்ந்து பார்த்ததில்லை.

நான் விற்காவிட்டால் மில் திறந்துவிடுமா என்று நண்பர் கேட்கிறார். திறக்காது. சவப்பெட்டி செய்கிறவரும் சாவில்தானே பிழைக்கிறார் என்கிறார். பிழைக்கிறார். ஆனால் அவருக்குத் தவணைத் தேதி இல்லை. ஃப்யூச்சர்ஸில் விற்றவருக்கோ சாவு மாதக் கடைசிக்குள் வந்தாக வேண்டும்.