நூலும் நூலாசிரியரும்

எழுத்தாளரின் கருத்து ஏற்க முடியாததாகிவிட்டால் அவர் எழுதிய நூலையும் கைவிட வேண்டுமா? ஹாரி பாட்டரோடு வளர்ந்த தலைமுறையைச் சில ஆண்டுகளாக அரிக்கும் கேள்வி இது. பாலினம் பற்றி அந்த நூல்களின் ஆசிரியர் ஜே.கே. ரௌலிங் 2020 ஜூனில் வெளியிட்ட கருத்துகள் திருநர்களைப் புண்படுத்துகின்றன என்று கண்டனம் எழுந்தது. பெண்களின் உரிமைக்காகவே பேசுவதாக அவர் விளக்கம் தந்தார். பூசல் இன்றுவரை ஓயவில்லை.

கைவிட வேண்டியதில்லை என்பதே அறத்தின் தீர்ப்பு. எழுதியவருக்குப் பதிப்புரிமை உண்டு. படித்தவர் நெஞ்சில் விளைந்ததன்மேல் அவருக்கு எந்த உரிமையும் கிடையாது.

யார் வாயிலிருந்து வந்தாலும் சொல்லின் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவு என்று திருக்குறளின் அறிவுடைமை அதிகாரம் வரையறுக்கிறது. குணத்தையும் குற்றத்தையும் ஒருசேர ஆராய்ந்து, மிகுந்தது எதுவோ அதைக் கொண்டு முடிவு செய்யச் சொல்கிறது அதன் தெரிந்துதெளிதல் அதிகாரம். நெல்லுக்கும் உமி உண்டு என்று நினைவூட்டி, விரும்பி ஏற்றவரிடம் கண்ட குறையைப் பொறுக்கச் சொல்கிறது நாலடியார். பெற்ற நன்மையை மறப்பது நன்றன்று என்பது குறளின் செய்ந்நன்றியறிதல். சான்றோர் அனைவரும் ஒரே திசையைத்தான் காட்டுகிறார்கள்.

ஹாரி பாட்டர் நூலே காட்டுவதும் அதைத்தான். 1997இல் வெளிவந்த முதல் பாகத்தில், இரவில் விதி மீறிக் கிளம்பும் ஹாரியையும் தோழர்களையும் நெவில் என்ற பயந்த சிறுவன் வழிமறிக்கிறான். ஹாரியின் தோழி ஹெர்மயானியின் மந்திரத்தால் உடல் விறைத்துத் தரையில் விழுகிறான். ஆண்டிறுதி விருந்தில் தலைமையாசிரியர் டம்பிள்டோர் அவனுக்குப் பத்து மதிப்பெண் தருகிறார். பள்ளி அணிகளுக்கான கோப்பையை அவனுடைய அணிக்கு வென்று தருவது அந்தப் பத்துதான். பகைவரை எதிர்ப்பதற்குத் துணிவு வேண்டும். நண்பரை எதிர்ப்பதற்கும் அதே அளவு வேண்டும் என்பது அங்கே பாடம். அதைக் கற்ற வாசகர் ரௌலிங்கையே மறுத்துப் பேசினால் அது அந்த நூலுக்குச் செய்யும் மரியாதை.

ஹாரியாக நடித்த டேனியல் ராட்கிளிஃப் அப்படித்தான் நடந்துகொண்டார். திருநங்கைகள் பெண்களே என்று ஒரு மடலில் வெளிப்படையாக எழுதினார். அதே மடலில், இந்தக் கதைகளில் ஒருவர் கண்ட பொருள் அவருக்கே உரியது, அதை யாராலும் தொட முடியாது என்று வாசகர்களைத் தேற்றினார்.

விற்கும் ஒவ்வொரு படியிலும் ஆசிரியருக்குப் பங்கு போகிறதே, அந்தப் பணம் அவர் கொள்கைக்கு உரமாகிறதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2025இல் பெண்களின் உரிமை வழக்குகளுக்கு உதவ ரௌலிங் தம் சொந்தப் பணத்தில் நிதியமும் தொடங்கியிருக்கிறார். அப்படி எண்ணுபவர் புதிய படி வாங்க வேண்டாம், நூலகத்தில் எடுக்கட்டும். வாங்குவது வேறு, வாசிப்பது வேறு.

மறுக்க வேண்டியதை வாய்விட்டு மறுப்போம். பெற்றதைப் பெற்றோம் என்று ஒப்புக்கொள்வோம். ஒன்றைச் செய்வதற்காக மற்றொன்றை விடுவது கோழைத்தனம். குறையே இல்லாதவர் எழுதியதை மட்டும்தான் படிப்போம் என்று கிளம்பினால் வீட்டு அலமாரியில் ஒரு புத்தகமும் மிஞ்சாது.