நியம் ராஜாவின் எல்லை எது?

ஒடிசாவின் ராயகடா, காளஹாண்டி மாவட்டங்களில் நீண்டு கிடக்கிறது நியம்கிரி மலை. அங்கே வாழும் டோங்ரியா கோந்த் பழங்குடியினர் மொத்தமே சில ஆயிரம் பேர்தான். ஊர்களும் மிகச் சிறியவை. 2013-இல் இஜிருபா என்ற ஊரில் இருந்ததே ஒரு குடும்பம்.

அந்த ஆண்டு ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் இந்தச் சிற்றூர்களிடம் ஒரு கேள்வியை ஒப்படைத்தது. மலையுச்சியில் ஏறக்குறைய 7 கோடி டன் பாக்சைட் இருக்கிறது. அடிவாரத்தில் லாஞ்சிகரில் வேதாந்தா நிறுவனத்தின் அலுமினா ஆலை. அந்த ஆலைக்காக உச்சியை வெட்டினால், மலைத் தெய்வமான நியம் ராஜாவை வழிபடும் மக்களின் உரிமை பாதிக்கப்படுமா? அதைக் கிராம சபைகளே சொல்லட்டும் என்றது நீதிமன்றம். வழிபாட்டு உரிமையை வரையறுக்கும் அரசியல் சட்டப் பிரிவுகளும் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் அதற்கு அடிப்படை.

புனித இடம் சுரங்கப் பகுதிக்குத் தள்ளியே இருக்கிறது என்றொரு வாதமும் எழுந்தது. தெய்வத்துக்கு இத்தனை ஏக்கர் என்று வேலி போட்டுவிட்டு மிச்சத்தைத் தோண்டலாம் என்பதுதான் அதன் உட்பொருள். சுற்றுச்சுவரும் கோபுரமும் உள்ள வழிபாட்டுக்கு அந்தக் கணக்கு ஒருவேளை பொருந்தலாம். நியம்கிரிக்குப் பொருந்தாது.

ஏனென்றால் அங்கே வயிற்றுப்பாடு வேறு, வழிபாடு வேறு அல்ல. மலைச்சரிவில் ஒரே கொல்லையில் கேழ்வரகு, சாமை, துவரை, ஆமணக்கு எல்லாம் கலந்து விதைக்கிறார்கள். மஞ்சளும் அன்னாசியும் பலாவும் சந்தைக்கு இறங்குகின்றன. விதைப்புக்கு முன்னும் அறுவடைக்குப் பின்னும் பூசை உண்டு. நியம் ராஜாவின் இடம் என்பதால் உச்சியில் மரம் வெட்டுவதில்லை. மழைநீரைப் பிடித்துவைத்து, கோடையிலும் ஓடைகளுக்கு விடுவதும் அதே உச்சிதான். மரத்தைத் தொடாதே என்ற பக்தியும் கீழே விளையும் மஞ்சளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இதில் எங்கே கோடு கிழிப்பது?

2013 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 12 ஊர்களில் சபை கூடியது. மாவட்ட நீதிபதி நேரில் இருந்தார். மக்கள் ஓடையைச் சொன்னார்கள், பழமரங்களைச் சொன்னார்கள், நியம் ராஜாவைச் சொன்னார்கள். மலை முழுவதும் அவருடையது என்றார்கள். சாமியைப் பற்றிக் கேட்டால் சோற்றைப் பற்றிப் பேசுகிறார்களே என்று நினைப்பவர்கள் பதிலின் சாரத்தையே தவறவிடுகிறார்கள். 12 ஊர்களும் சுரங்கம் வேண்டாம் என்றன. ஒற்றைக் குடும்பத்து இஜிருபாவின் சொல்லும் மற்ற ஊர்களின் சொல்லுக்கு இணையாகவே பதிவானது. ஒரு நம்பிக்கையின் மதிப்பை நம்புகிறவர்களின் தலையை எண்ணி அளக்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தத் தத்துவ நூலும் சொல்லிவிடாது.

2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் திட்டத்தை நிராகரித்தது. 2016-இல் மறுபடியும் சபை கூட்டக் கேட்டு ஒடிசா அரசின் சுரங்கக் கழகம் போட்ட மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நியம்கிரியின் 12 ஊர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி, சுரங்கம் குறிவைக்கும் ஒவ்வொரு மலையூரிடமும் முதல் குழி தோண்டுவதற்கு முன்பே கேட்கப்பட வேண்டும்.